கம்பெனி மெஷினை நிறுத்தினாலும் சோனிக் ஓடுது: உங்க பட்டாசு மார்க் ஓடுமா?

இன்னைக்குப் பாடம் ஒரு நீல நிற முள்ளெலியைப் பத்தி. 'பட்டாசு ஊர் ஆடிட்டருக்கு வீடியோ கேம்ல என்ன வேலை'ன்னு நினைக்காதீங்க. தாத்தா காலத்து லேபிளை வச்சு இன்னைக்கும் பெட்டி போடுற குடும்பம் நம்ம வெம்பக்கோட்டை, சிவகாசி பக்கம் நிறைய. உங்களுக்குத்தான் இது.

ஜப்பான்ல சேகான்னு ஒரு கம்பெனி. 1983லிருந்து வீட்டுல வச்சு ஆடுற கேம் மெஷின் வித்தாங்க. அவங்க முகமா முதல்ல இருந்தது அலெக்ஸ் கிட்டுன்னு ஒரு பையன். 1991 ஜூன்ல சோனிக் வந்ததும் அந்தப் பையனை எல்லாரும் மறந்தாச்சு. ஆனா மெஷின் வியாபாரம் நஷ்டத்துல போச்சு. 2001 ஜனவரியில, டிரீம்காஸ்ட் மெஷினை நிறுத்துறோம், இனிமே மெஷினே செய்யமாட்டோம்னு சேகா அறிவிச்சது.

அதே வருஷம் டிசம்பர்ல சோனிக் எங்க ஓடுச்சு தெரியுமா? பரம எதிரி நிண்டெண்டோவோட மெஷின்ல! அப்புறம் 2020, 2022, 2024ன்னு மூணு ஹாலிவுட் படம். ஃபேக்டரி மாதிரி இருந்த மெஷின் போயிடுச்சு, பெட்டி மேல இருந்த படம் மட்டும் சம்பாதிச்சுக்கிட்டே இருக்கு. எப்படி? அந்தப் படம் யாருக்குச் சொந்தம்ங்கிறதுல சேகாவுக்குக் குழப்பமே இல்லை. காகிதம் எல்லாம் கையில இருந்துச்சு.

இங்க ரெண்டு உரிமையைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கணும். ஒண்ணு காப்பிரைட், வரைஞ்ச படத்துக்கான உரிமை. இதுக்கு ஆயுசு உண்டு. அமெரிக்கக் கணக்குல, கம்பெனிக்காகச் செஞ்ச படைப்புக்கு வெளியானதிலிருந்து 95 வருஷம். 1928ல வந்த மிக்கி மவுஸோட முதல் உருவம் 2024 ஜனவரி 1ல அங்க பொதுச்சொத்து ஆயிடுச்சு. அந்தக் கணக்குப்படி 1981ல வந்த மாரியோவுக்கு 2076 வரை, சோனிக்குக்கு 2086 வரை. (நம்ம விஜயகரிசல்குளம் அகழாய்வுல சுடுமண் ஆட்டக்காய் எடுத்தாங்களே, அந்த ஆட்டத்துக்கு இன்னைக்கு ஓனரே கிடையாது. எல்லா விளையாட்டும் கடைசியில போய்ச் சேர்ற இடம் அதுதான்.)

இன்னொண்ணு டிரேட்மார்க். சரக்கு யாருதுன்னு காட்டுற அடையாளம். இதுக்கு முடிவுத் தேதி கிடையாது. இந்தியாவுல 10 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சுக்கிட்டே போகலாம். காளீஸ்வரியோட சேவலைப் பெயர் படிக்கத் தெரியாத குழந்தைகூட கடையில கை காட்டி வாங்குமே, அந்தச் சேவல் எத்தனை தலைமுறைக்கும் இருக்கலாம். ரெண்டு நிபந்தனைதான்: புதுப்பிக்கணும், பயன்படுத்தணும்.

நம்ம ஊர்ல சறுக்குற இடமும் இதுதான். 10 வருஷம்ங்கிறது சர்டிபிகேட் கைக்கு வந்த நாள்லேர்ந்து இல்லை, விண்ணப்பிச்ச தேதியிலேர்ந்து. புதுப்பிக்க ஆன்லைன்ல ஒரு வகுப்புக்கு ரூ.9,000. தேதி தாண்டினா ஆறு மாசம் வரை கூடுதல் ரூ.4,500. அதுக்கப்புறம் ஒரு வருஷம் முடியுறதுக்குள்ள மீட்டெடுக்க இன்னொரு கட்டணம். ஒரு ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற செலவுகூட இல்லை.

வகுப்புன்னு சொன்னேன்ல, அதையும் பாருங்க. பட்டாசு 13ஆம் வகுப்பு, தீப்பெட்டி 34ஆம் வகுப்பு. தாத்தா தீப்பெட்டிக்கு வாங்கின பதிவு உங்க சரவெடிக்குத் தானா வந்து சேராது. தீப்பெட்டியை நிறுத்தி அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா, 'பயன்பாட்டுல இல்லை'ன்னு யாராவது விண்ணப்பிச்சு அந்தப் பதிவையே நீக்க வைக்கலாம்.

அடுத்து, பையன் படிச்சு முடிச்சு வந்ததும் லேபிளை 'மாடர்னா' மாத்துவான். சோனிக் படத்தோட முதல் டிரெய்லர் 2019ல வந்தப்போ முகத்தைப் பார்த்து ரசிகர்கள் கொதிச்சாங்க. முகத்தைத் திரும்ப வரைஞ்சு, படத்தையும் தள்ளிப்போட்டாங்க. நமக்குச் சட்டச் சிக்கலும் உண்டு. சின்னத் திருத்தம்னா பழைய பதிவுலேயே அனுமதி வாங்கிக்கலாம், அடையாளமே மாறுதுன்னா புது விண்ணப்பம்தான். புது லேபிள் வரையுற டிசைனர்கிட்ட உரிமையை எழுத்துல மாத்தி வாங்குங்க. அதுல காலம் எழுதலேன்னா, சட்டம் 5 வருஷம்னுதான் எடுத்துக்கும். சிவகாசியில பிரிண்டிங்குக்கு இவ்வளவு செலவு பண்றோம், இந்த ஒரு வரிக்கு யாரும் பேனாவைத் திறக்கிறதில்லை.

இப்போ கணக்குப் புத்தகம். சேகா 2023ல ஆங்கிரி பேர்ட்ஸ் வச்சிருந்த ரோவியோவைச் சுமார் 70.6 கோடி யூரோவுக்கு வாங்கினது. விலை கொடுத்து வாங்கின பிராண்ட் பேலன்ஸ் ஷீட்ல ஏறும். நீங்களே வளர்த்த மார்க் ஏறாது, கணக்கியல் தரம் 26 அனுமதிக்காது. புத்தகத்துல மதிப்பு இல்லாததால, பாகப்பிரிவினைப் பத்திரத்துல நிலம், ஷெட், மேகசின், வேன் எல்லாம் இருக்கும், மார்க் மட்டும் இருக்காது. பத்து வருஷம் கழிச்சு அண்ணன் பெட்டியிலயும் அதே பறவை, தம்பி பெட்டியிலயும் அதே பறவை. அப்புறம் கோர்ட்.

விற்கும்போது வருமான வரியும் அதே பூஜ்யத்தைத்தான் பார்க்கும். நீங்களே உருவாக்கின மார்க்குக்கு வாங்கின விலை பூஜ்யம். 40 லட்சத்துக்கு வித்தா 40 லட்சமும் மூலதன ஆதாயம். நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம்னா 5 லட்சம் வரி, செஸ் தனி. கை நீட்டி அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கழிச்சுட்டு விலை பேசுங்க.

வித்துத்தான் ஆகணுமா? சேகா மாதிரி, உற்பத்தியை நிறுத்திட்டு மார்க்கை இன்னொரு லைசென்ஸ் உள்ள ஃபேக்டரிக்கு ஒப்பந்தம் போட்டு ராயல்டிக்குக் கொடுக்கலாம். இதையும் ஃபேக்டரியை உள்குத்தகைக்கு விடுறதையும் குழப்பாதீங்க. மார்க்கைக் கொடுக்கிறது சட்டப்படி சரி, உள்குத்தகை குற்றம். 2021 பிப்ரவரியில அச்சங்குளத்துல நடந்ததுக்கு அப்புறம் நம்ம பக்கத்துல யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்துல தரத்தையும் பாதுகாப்பையும் சோதிக்கிற உரிமை உங்ககிட்ட இருக்கணும். பெட்டி மேல இருக்கிறது உங்க தாத்தா பறவை.

இந்த வாரமே டிரேட்மார்க் பதிவகத்தோட இணையதளத்துல உங்க மார்க்கைத் தேடிப் பாருங்க. எந்த வகுப்பு, எந்தத் தேதி வரை செல்லும், யார் பேர்ல இருக்குன்னு வரும். இறந்துபோன தாத்தா பேரே இன்னும் இருந்தா, வாரிசுச் சான்றிதழையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் எடுத்துக்கிட்டு முதல்ல பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கணும். புதுப்பிக்கிற தேதி நெருங்கியிருந்தா ரெண்டையும் சேர்த்தே போடுங்க.