பாடம் 9: அப்பப்பா கேட்ட கேள்வி

பிள்ளைகளே, ஒன்ராறியோவில் உயர்பள்ளியை முடிக்க 40 மணித்தியாலம் தொண்டு செய்ய வேண்டும். உங்கள் அண்ணாமார், அக்காமாரிடம் கேட்டால் சொல்வார்கள். கடைசி வருடம் வரை தள்ளிப்போட்டுவிட்டு ஓடித்திரிகிறவர்களும் உண்டு. நான் அப்படியில்லை. பத்தாம் வகுப்பிலேயே பெரிய திட்டம் போட்டுவிட்டேன்.

அது 2004ஆம் ஆண்டு. சென் ஜேம்ஸ் ரவுணில், பதினான்காம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, தம்பி, நான், அப்பப்பா. இரண்டு அறை வீடு.

பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் தந்தார்கள். ஆகஸ்ட் மாதம் இரண்டு கிழமை கென்யாவுக்குப் போகலாம். அங்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ற் அடிக்கலாம், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம். செலவு சில ஆயிரம் டொலர். அப்பா இரவு வேலை செய்கிறவர். "பரவாயில்லை, எப்படியும் கட்டுவம்" என்றார். நான் வகுப்பில் எல்லோருக்கும் சொல்லியும் விட்டேன்.

அப்பப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"பிள்ளை, அங்க பெயின்ற் அடிக்கிற ஆக்கள் இல்லையோ?"

"இருப்பினம், அப்பப்பா."

"ஆகஸ்ட்டில அங்க பள்ளிக்கூடம் நடக்குமோ?"

எனக்குத் தெரியவில்லை. நூலகத்தில் போய்ப் பார்த்தேன். கென்யாவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் விடுமுறை. நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகும் நேரம் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள்!

இன்னொன்றும் வாசித்தேன். 2003 ஜனவரியில் கென்யா அரசு ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை நிறுத்தியது. அதுவரை காசில்லாமல் வீட்டில் இருந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்தார்கள். சில இடங்களில் ஒரே வகுப்பில் நூறு பேர். ஆசிரியர்கள் போதவில்லை.

எனக்கு அப்பப்பாவில்தான் கோபம் வந்தது.

"நீங்கள் மட்டும் ஆபிரிக்காவுக்குப் போனீங்கள்தானே?" என்று கேட்டேன்.

உண்மைதான். அப்பப்பா யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியர். நைஜீரியா 1976இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வியைத் தொடங்கியது. எண்ணெய் விற்ற காசு அப்போது நிறைய இருந்தது. பள்ளிக்கூடங்கள் பெருகின, ஆசிரியர்கள்தான் இல்லை. வெளிநாடுகளிலிருந்து ஆசிரியர்களை எடுத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் பலர் போனார்கள். இரண்டு நாட்டையும் முன்பு பிரித்தானியர் ஆண்டதால் பாடமும் பரீட்சையும் ஏறக்குறைய ஒரேமாதிரி இருந்தன. அப்பப்பா 1977இல் வட நைஜீரியாவுக்குப் போனார்.

"நான் உதவி செய்யப் போகேல்லை, பிள்ளை. சம்பளத்துக்குப் போனனான். இரண்டு தங்கச்சிமாருக்குச் சீதனம் குடுக்கவேணும்."

அன்று இரவு அவர் நிறையக் கதைத்தார். மார்கழி, தை மாதங்களில் சகாராப் பாலைவனத்திலிருந்து 'அர்மத்தான்' என்ற காற்று வருமாம். கரும்பலகையைத் துடைக்கத் துடைக்கப் புழுதி. அந்த ஊர் மொழி ஹவுசா. ஆசிரியரை 'மாலம்' என்று கூப்பிடுவார்கள். எங்கட மரவள்ளிக் கிழங்கு அங்கேயும் உண்டு. ஆனால் அதைத் துருவி, புளிக்கவைத்து, வறுத்துத் தூளாக்குவார்கள். அதன் பெயர் 'காரி'. (நான் நம்பவில்லை. பிறகு ஒருநாள் ஆபிரிக்கக் கடையில் பையோடு கண்டேன்.)

"முதல் தவணை முழுக்க, எது கேட்டாலும் பிள்ளையள் எழும்பி நிண்டு 'யெஸ் சேர்' எண்டு சொல்லுங்கள். விளங்கிச்சுதோ? யெஸ் சேர். சோதினை வைச்சாப் பிறகுதான் தெரிஞ்சது, ஒண்டும் விளங்கேல்லை எண்டு. என்ர இங்கிலீஷே அதுகளுக்குப் பிடிபடேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன, ஆறு வருசம் நிண்டனான். ரெண்டாம் வருசத்திலதான் ஒழுங்காப் படிப்பிக்கத் தொடங்கினனான்." கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். "அந்த ஆறு வருசமும் உன்ர அப்பாவுக்கு ஒரு கணக்கும் நான் சொல்லிக்குடுக்கேல்லை."

அப்பா வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நான் கென்யா போகவில்லை. வகுப்பில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. போன தோழி ஒருத்தி, அங்கே பிள்ளைகள் பாடிய பாட்டைப் பல மாதம் பாடிக்கொண்டு திரிந்தாள். எனக்கு அப்போது பொறாமைதான்.

செப்டெம்பரில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்து அறையில், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கப் போனேன். அப்பப்பாவும் கூட வந்தார். கானாவிலிருந்து புதிதாக வந்த ஒரு பொடியன், ஐந்தாம் வகுப்பு, என் மேசையில் இருந்தான். நான் பின்னம் விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அடுத்த கிழமையும் தலையாட்டினான். நான் நல்லாய்ப் படிப்பிக்கிறேன் என்று நினைத்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை மெதுவாகக் கேட்டான்: எட்டு, நான்கைவிடப் பெரிது. அப்படியென்றால் எட்டில் ஒன்று, நான்கில் ஒன்றைவிடப் பெரிதுதானே?

அப்பப்பா மேலே போய் ஒரு றாத்தல் பாண் எடுத்துவந்தார். அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை நான்காகவும் மற்றப் பாதியை இரண்டாகவும் வெட்டினார். "எது வேணும்?" என்று பொடியனைக் கேட்டார். அவன் பெரிய துண்டை எடுத்துக் கடித்தான். பிறகு சிரித்தான்.

என் 40 மணித்தியாலம் மார்கழியிலேயே முடிந்தது. படிவத்தில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை காலை எழும்பிப் பார்த்தால், அப்பப்பா சப்பாத்தும் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்கிறார்.

சொற்பொருள்
கிழமை – வாரம்
படிப்பித்தல் – கற்பித்தல்
சோதினை – பரீட்சை
சீதனம் – திருமணத்தின்போது பெண் வீட்டார் கொடுக்கும் பணம், காணி, நகை
பின்னம் – முழுமையின் ஒரு பகுதியைக் காட்டும் எண்

பயிற்சி
1. அப்பப்பா தாளை வாசித்துவிட்டு என்ன கேள்விகள் கேட்டார்?
2. நைஜீரியாவில் ஆசிரியர்கள் ஏன் தேவைப்பட்டார்கள்?
3. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றுக: போகேல்லை, போனனான், ஒண்டும் விளங்கேல்லை, உன்ர அப்பா.
4. நீங்கள் என்றால் கென்யா போயிருப்பீர்களா? வீட்டில் அம்மா, அப்பாவுடன் கதைத்து ஐந்து வசனம் எழுதுக.