இணையக் கலைக்களஞ்சியம் அளவையாகுமோ?

அளவையால் துணியப்பட்டதே பொருளென்பது சித்தாந்த நூலார் கொள்கை. அளவைகள் யாவும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமென்பது சிவஞான சித்தியாரால் உணரப்படும். இக்காலத்து ஆராய்ச்சி மாணாக்கர் விக்கிப்பீடியா முதலிய இணையக் கலைக்களஞ்சியங்களைச் சான்றாக எடுத்தாளுதல் பெருவழக்காயிற்று. அவை எவ்வளவையின்பாற்படும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பிறர் நூல்களிற் கண்டதைத் தொகுத்துரைத்தலின், அவை காட்சியும் கருதலும் அல்ல, உரையென்றே கொள்ளற்பாலன. உலகியலில் உரை அளவையாதற்கு, உரைப்போன் பொருளை உள்ளவாறுணர்ந்த ஆப்தனாதல் வேண்டும். 2001-ஆம் ஆண்டு தோன்றிய விக்கிப்பீடியாவிலோ எழுதுவோர் பலர் புனைபெயரினர். எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். ஆகலின் ஆப்தன் இவனெனத் துணிதல் அரிது. தன்னைத் தானே நம்பத்தகு சான்றாகக் கொள்ளற்கவென அக்களஞ்சியத்தின் விதியே விலக்குதலும் காண்க.

அற்றேல், பலரும் திருத்துதலிற் பிழை தானே நீங்குமாலோவெனின்: நீங்கும், நீங்குங்காறும் படித்தோன் திரிபுணர்ச்சியே எய்துவன். 2005-இல் சீகெந்தாலர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாசிரியர், கென்னடி கொலையில் ஐயுறப்பட்டவரென யாரோ எழுதிய பொய்யுரை நான்கு திங்களளவும் ஆங்கு நின்றது.

அவ்வாண்டிலேயே நேச்சர் என்னும் அறிவியலிதழ் 42 கட்டுரைகளை ஒப்புநோக்கி, விக்கிப்பீடியாவில் 162 குறைகளும் பிரித்தானிக்காவில் 123 குறைகளும் கண்டதே. வேற்றுமை சிறிதன்றோவெனின்: அம்முடிபைப் பிரித்தானிக்கா 2006-இல் மறுத்தது. அதனை உடன்படினும், அறிவியற் கட்டுரைகளிற் கண்டதனைச் சமய நூற்பொருட்கும் ஏற்றியுரைத்தற்கு ஏதுவின்மையின் அது போலியேயாம்.

மாணாக்கர் ஒருவர், சிவஞானபோதம் ரௌரவாகமத்தின் மொழிபெயர்ப்பே என்பது முடிந்த முடிபென எழுதிவந்து, ஓர் இணையக் களஞ்சியத்தைச் சான்று காட்டினார். அது தமிழ் முதனூலே என்பாரும் உளராகலின், அடிக்குறிப்பை நோக்குகவென்றேம். அது சுட்டிய நூல் அக்களஞ்சியத்தையே எடுத்தாண்டிருந்தது. ஒன்றற்கொன்று சான்றாகும் இக்குற்றத்தைத் தருக்க நூலார் அந்நியோந்நியாச்சிரயம் என்ப. அவர் மூலமும் உரைகளும் கற்று, இருதிறத்தார் கூற்றையும் எடுத்தோதி அப்பகுதியைப் புதிதாக எழுதினார்.

ஆகலின் இக்களஞ்சியம் அளவையன்று. அளவையிருக்குமிடம் காட்டுங் குறியேயாம். ஊர்க்கு வழிகாட்டும் கைகாட்டியை ஊரென்று கொள்வாரிலர்; கைகாட்டியை இகழ்வாரும் இலர். அடிக்குறிப்பிற் கண்ட நூலைத் தேடி, உரிய பக்கத்தைத் தாமே படித்து, அந்நூலையே சான்று காட்டுதல் மாணாக்கர் கடன்.

நம்மனோர்க்கும் ஒரு கடனுண்டு. ஏட்டுச் சுவடிகளும் பழம்பதிப்புகளும் திருமடங்களிலும் புலவர் இல்லங்களிலும் அடைபட்டுக் கிடப்ப, அவற்றைக் காணாதார் எழுதியதனை யாம் பழித்திருத்தல் முறையன்று. பிழை கண்டுழி, அச்சிட்ட நூலின் சான்று காட்டித் திருத்துக, அச்சேறாதவற்றை அச்சேற்றுக. யாம் வாளாவிருப்பின், பிழையே நாளை வழக்காய் நிலைபெறும். அப்பழி எழுதினாரோடு நம்மையும் சாரும்.