மீட்கப்பட்ட பெண்ணும் நீதிமன்றமும்



விடுதியில் சோதனை, பெண்கள் மீட்பு என்று பத்திரிகையில் வாசிக்கிறோம். குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் நமக்கு இந்தச் செய்தி புதிதல்ல. மீட்கப்பட்டவர் அதன்பின் எங்கே போகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

1956-ஆம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டப்படி அவர் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவரப்படுகிறார். விசாரணைக்குப் பின், பாதுகாப்பு தேவை என்று கண்டால், 1 முதல் 3 ஆண்டு வரை காப்பகத்தில் வைக்க 17-ஆவது பிரிவு இடம் தருகிறது. பாதுகாப்பு என்று பெயர், வாசலில் பூட்டு. வயதுவந்த பெண்கள் விருப்பமின்றி அடைபட்டிருந்தால் மறுஆய்வு செய்து விடுவிக்கும்படி 2022 மே மாதம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது.

அதே பிரிவில் மதம் பற்றியும் ஒரு நிபந்தனை உண்டு. காப்பகம் அல்லாமல் வேறு பொறுப்பில் ஒப்படைத்தால், அவருடைய மதம் அல்லாத நபரிடமோ அமைப்பிடமோ கொடுக்கக் கூடாது. இதை, "எங்கள் பெண்ணை எங்களிடம் கொடுங்கள்" என்று ஜமாஅத் கேட்கும் உரிமையாகச் சிலர் கருதுகிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. அது அந்தப் பெண்ணுக்கான காவல். பெற்றோரிடமோ கணவரிடமோ அனுப்புவதற்கு முன்புகூட, அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனம் மூலம் விசாரிக்க வேண்டும் என்கிறது 17ஏ பிரிவு. விற்றவரே வீட்டு ஆளாக இருப்பதுண்டு அல்லவா?

நியூயார்க்கில் இத்தகைய பெண்களுக்கென்றே 2013-இல் மாநிலம் முழுவதும் தனி நீதிமன்றங்கள் வந்தன. குயின்ஸ் பகுதியில் மசாஜ் நிலையங்களில் பிடிபட்ட ஆசியப் பெண்கள், புரூக்ளினில் கறுப்பினப் பெண்கள் என்று அங்கே வந்தவர்களில் பலர். பாதிக்கப்பட்டவர் என்று சொல்லிக்கொண்டே கைது செய்துதான் கொண்டுவந்தார்கள். இங்கும் 8-ஆவது பிரிவில் அந்தப் பெண்ணே குற்றவாளி ஆகலாம். வங்காளம் பேசும் முஸ்லிம் பெண் என்றால், என்ன நேர்ந்தது என்பதற்கு முன்பே எந்த நாடு என்ற கேள்வி வந்துவிடக்கூடும்.

மதீனாவில் அப்துல்லாஹ் இப்னு உபை தன் அடிமைப் பெண்களை இத்தொழிலுக்கு நிர்ப்பந்தித்ததை ஒட்டி ஸூரத்துந் நூர் 33-ஆம் வசனம் இறங்கியதாக ஸஹீஹ் முஸ்லிமில் அறிவிப்பு உள்ளது. நிர்ப்பந்திக்கப்பட்டவளுக்கு அல்லாஹ்வின் மன்னிப்பை அவ்வசனம் சொல்கிறது. முஹல்லாவில் நாம் பேசும் பேச்சோ வேறுவிதம். திரும்பி வந்த பெண்ணின் தங்கைக்கு வரன் பார்க்கக்கூடத் தயங்குகிறோம்.

மாஜிஸ்திரேட்டுக்கு உதவ 5 பேர் குழுவைச் சட்டம் அனுமதிக்கிறது. முடிந்தவரை மூவர் பெண்களாக இருக்க வேண்டும். அனுபவமுள்ள சமூக சேவகியரின் பட்டியலையும் நீதிமன்றம் வைத்திருக்கலாம். ஆசிரியை, செவிலியர், வழக்கறிஞர் என நம் குடும்பங்களில் தகுதியுள்ள சகோதரிகள் இருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் இம்மாத இறுதிக்குள் அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் தாருங்கள். இன்ஷா அல்லாஹ், முறைப்படி விண்ணப்பம் அனுப்புவோம். கடத்தப்பட்டவருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.