பசிப்பிணியும் காசநோயும்

சிறுகுடியில் வாழ்ந்த பண்ணன் என்னும் வள்ளலைப் பசிப்பிணிக்கு மருத்துவன் எனப் போற்றுகிறான் சோழன் கிள்ளிவளவன். புறநானூற்றின் 173ஆம் பாடல் அது. பசியைப் பிணி என்றதை உருவகம் என்றே வகுப்பறையில் விளக்கி வருகிறோம். காசநோயின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால், அச்சொல் உண்மைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பது புலனாகும்.

காசநோய்க் கிருமியை இராபர்ட் காக் 1882இல் அறிவித்தார். அதனை வெல்லும் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில்தான் வந்தது. ஆயினும் இங்கிலாந்தில் அந்நோயால் இறப்போர் தொகை, அம்மருந்து வருமுன்னரே பெரும்பகுதி குறைந்துவிட்டிருந்தது. நல்லுணவே முதற்காரணம் என்றார் தாமஸ் மெக்கியோன். நகராட்சிகளின் துப்புரவுப் பணிகளை முன்வைத்து மறுத்தார் சைமன் ஸ்ரெட்டர். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. இருவர் காட்டும் காரணமும் மருந்துக்கடைக்கு வெளியே உள்ளது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு சென்னைக்கு வருவோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு மையத்தை நிறுவின. காசநோய் என்றாலே சானடோரியம் என்றிருந்த காலம் அது. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஓய்வும் நல்ல காற்றும் பாலும் முட்டையும் இன்றி நோய் தீராது என நம்பினர். படுக்கைகளோ மிகச் சில. மையத்தின் மருத்துவர்கள் ஏழை நோயாளர் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு அளித்தனர். வீட்டில் இருந்தோர்க்கு உணவு குறைவு, இட நெருக்கடி மிகுதி, உழைப்பும் கூடுதல். எனினும் குணமடைந்தோர் விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியக் காலம் முடிவுக்கு வர வழிவகுத்தது. குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் பிரிந்திருக்க இயலாத ஏழைக்கு இது விடுதலை எனலாம்.

இவ்வெற்றியிலிருந்து பலர் ஒரு தவறான பாடத்தையும் படித்துக்கொண்டனர். மருந்து இருந்தால் போதும், உணவைப் பற்றிய கவலை வேண்டா என்பதே அது. நோயுற்றவர் குணமாவாரா என்பதே சென்னை ஆய்வு கேட்ட வினா. யார் நோயுறுவார் என்பது வேறு வினா. கிருமி உட்புகுந்தோரில் பத்தில் ஒன்பது பேர் நோயுறுவதே இல்லை. உடலின் காவல் தளரும்போதுதான் கிருமி தலைதூக்குகிறது. நீரிழிவும் புகையும் மதுவும் எச்.ஐ.வி.யும் அக்காவலைத் தளர்த்துவனவே. நம் நாட்டில் அவற்றினும் பெரிது ஊட்டக்குறைவு.

சென்னை மையத்தின் வழிவந்த தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்குகொண்ட ஓர் ஆய்வு, இவ்விரண்டாம் வினாவை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் எழுப்பியது. 2,800 நோயாளர், அவர்தம் வீட்டார் 10,345 பேர். நோயாளர் அனைவருக்கும் மருந்தோடு உணவுப் பொருள்களும் தரப்பட்டன. வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும், தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் வழங்கினர். 2023இல் முடிவு வெளியாயிற்று. உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்திருந்தது. அரிசியும் பருப்புமே இங்குத் தடுப்பு மருந்தாயின!

மேலப்பாளையத்திலும் குடியாத்தத்திலும் வீட்டில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்களை எண்ணிப் பார்ப்போம். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கணக்கு. மருத்துவமனை வரிசையில் நின்ற பொழுதுக்குக் கூலி இல்லை. சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம் என்பது உண்மையே. இழந்த கூலியை யார் தருவார்? இரு வாரம் கடந்த இருமலையும் கஷாயத்தால் அடக்கிக்கொண்டு தட்டை மடியில் வைக்கிறாள். கணவர்க்கும் பிள்ளைகட்கும் பரிமாறிய பின் எஞ்சியதே அவள் உணவு. மணமாகாத மகள் இருப்பின் நோயின் பெயரே வெளியில் வராது.

அரசு வாளாவிருக்கவில்லை. நோயாளருக்கு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பரில் அதனை 1,000 ஆக்கியது. தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், மிக மெலிந்தோரை நோயறிந்தவுடன் இனங்கண்டு மருத்துவமனையில் சேர்க்கிறது. ஆனால் அவ்வீட்டில் உடனுண்டு உடனுறங்கும் மற்றவர்கள்?

ஈண்டு ஜமாஅத்துகளின் பைத்துல்மால் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். ஸகாத் பெறத்தக்க எட்டு வகையினரை இறைமறை எண்ணிச் சொல்கிறது. வறியோரும் கடனாளிகளும் அவருள் அடங்குவர். காசநோய் புகுந்த வீடு சில திங்களில் அவ்விரு வகையிலும் சேர்ந்துவிடுகிறது. நாம் உதவுவது பெரும்பாலும் நோய் முற்றி மருத்துவச் செலவு வந்த பின்னரே. ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கும் நம் மாநிலத்தில் குறைபடுவது பருப்பும் முட்டையும் பாலும். ஜார்க்கண்டின் அளவையே கொண்டால், நோயாளர் நீங்கலாக ஐவர் உள்ள வீட்டுக்கு மாதம் ஏழரைக் கிலோ பருப்பு; ஆறு மாதச் சிகிச்சை முடியும்வரை 45 கிலோ. பள்ளிவாசலில் பெயர் வாசிக்காமலும் புகைப்படம் எடுக்காமலும் அது அவ்வீட்டைச் சென்றடைதல் வேண்டும். மணமாகாத மகள் இருக்கும் வீடு அது.