ராகுகாலமும் கோபமும்

பிறர் நம்பிக்கையைக் கேட்டு ஒருவருக்குக் கோபம் வரும்போது, நடுவில் அவருடைய சொந்த எண்ணம் ஒன்று புகுந்திருக்கும். அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1955 முதல் வளர்த்தெடுத்த சிகிச்சை முறை இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது: நடந்தது ஒன்று, அதைப் பற்றி மனம் சொல்லிக்கொள்வது ஒன்று, அதன்பின் எழும் உணர்ச்சி ஒன்று.

திங்கள்கிழமை காலை 7.30 முதல் 9 வரை ராகுகாலம். புது வேலையில் சேரக் கிளம்பும் மகனிடம் "ஒன்பது மணிக்கு மேல போப்பா" என்கிறார் தாய். நம்பிக்கை இல்லாத மகனுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. எதிர்வீட்டுப் பாட்டி இதையே சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே படியிறங்கியிருப்பார். தாய் சொல்லும்போது மட்டும் 'இத்தனை வயதாகியும் என் முடிவுக்கு மதிப்பில்லை' என்று மனம் சேர்த்துக்கொள்கிறது. இது பிடிபட்டுவிட்டால், "இந்தக் காலத்துல போய் இதை நம்புறியே" என்று பாய வேண்டியதில்லை. "முதல் நாளே லேட்டாப் போக முடியாதும்மா" என்றால் போதும். மகன் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை, கிளம்பியும் விடுகிறார்.

பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பது வேறு. அந்தக் கோபம் மாலையில் காபியில் சர்க்கரை குறைந்ததற்காக வெடிக்கும். குரல் உயர்வது, காது சூடாவது எல்லாம் சற்றுத் தாமதமான அறிகுறிகள். எதிரில் இருப்பவர் முடிக்கும் முன்பே பதில் தயாராகிவிடுவதுதான் முதல் அறிகுறி. அப்போது பேச்சை நிறுத்தி, "எதனால அப்படி நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிடலாம். கேலியாகக் கேட்டால் பயனில்லை. உறவினர் கூடிய பந்தியில் கேட்பதும் வீண். நாலு பேர் முன்னால் யாரும் இறங்கிவர மாட்டார்கள்.

முரண்பாடு கடுமையாக இருக்கக் கூடாது என்பதில்லை. ராஜாஜி 1953-இல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சாடிப் பெரியார் தீவிரமாக எதிர்த்தார். அதற்காக இருவருக்கும் இடையே இருந்த நட்பு முறியவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது பெரியார் சுடுகாட்டுக்கே சென்று கண்ணீர் விட்டார்.

உயிருக்கு ஆபத்து வரும் இடத்தில் வரிசை மாறும். பாம்பு கடித்தவரை மந்திரிக்க அழைத்துப்போவதைப் பார்த்து வரும் கோபமும் பார்ப்பவருடையதுதான். ஆனால் முதலில் 108-ஐ அழைக்க வேண்டும். கோபம் எங்கிருந்து வந்தது என்பதை ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு யோசித்துக்கொள்ளலாம்.