இயங்குதளம் இடம்பெயரும்போது

ஓலைச்சுவடி சிதையுமுன் அதனைப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதிக் காத்தனர் நம் முன்னோர். பெயர்த்தெழுதியதை மூலத்தோடு ஒப்புநோக்குதல் அப்பணியின் உயிர்நாடியாகும். கணினியின் இயங்குதளத்தைப் பழைய வட்டிலிருந்து புதிய வட்டுக்கு மாற்றுவோர்க்கும் அந்நெறி முற்றும் பொருந்தும்.

இருவகை வட்டுகள்

ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்வட்டில் காந்தப்பூச்சுடைய தகடுகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல் நகரும் முனையொன்று செய்தியைத் தேடிப் படிக்கிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டோ பெயரளவிலேயே வட்டு. அதில் சுழலும் தகடுமில்லை, நகரும் முனையுமில்லை. மின்னணுச் சில்லுகளே செய்தியைத் தாங்குகின்றன. இயங்குதளம் தொடங்குங்கால் எண்ணற்ற சிறு கோப்புகளைப் பல்வேறிடங்களிலிருந்து படிக்க வேண்டியிருத்தலின், புதிய வட்டில் அவ்வேலை மிக விரைவாக முடிகிறது.

இரு வழிகள்

கோப்புகளை மட்டும் எடுத்து வைப்பதால் இயங்குதளம் இடம்பெயர்ந்துவிடாது. கணினியைத் தொடக்கிவைக்கும் மறைவான சிறுபகுதியும் உடன் செல்லல் வேண்டும். அதற்கு வழிகள் இரண்டு. முதலாவது, குளோனிங் எனப்படும் படியெடுத்தல். இதில் நிரல்களும் அமைப்புகளும் உள்ளவாறே வந்துசேரும்; பழைய குறைகளும் உடன்வரும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. அதனைப் படியெடுப்பின் விரைவு கூடுமேயன்றிப் பாதுகாப்புக் கூடாது. இரண்டாவது வழி, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுதல். இது தூய தொடக்கம். எனினும் நிரல்கள் அனைத்தையும் மீண்டும் நிறுவ வேண்டும்.

எழுத்துருவில் கவனம்

தமிழில் எழுதுவோர் ஈண்டுக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஒருங்குறி எனப்படும் யுனிகோடில் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் பாமினி போன்ற எழுத்துருக்களிலும், 1999இல் ஏற்கப்பட்ட டாம், டாப் முறைகளிலும் தட்டச்சிடப்பட்ட கட்டுரைகளும் வினாத்தாள்களும் இன்னும் பலரிடம் உள்ளன. அவ்வெழுத்துருக்கள் இயங்குதளத்தின் கோப்புறையில் தங்குபவை. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால் அவை உடன்வாரா. கோப்பு அழியாமலிருந்தும், திறந்தால் தமிழுக்கு மாறாகப் பொருளற்ற குறிகளே தோன்றும். ஆகவே எழுத்துருக் கோப்புகளை முன்னரே தனியே எடுத்துவைத்தல் வேண்டும். இயன்றவரை அக்கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றிவிடுதல் நன்று.

செய்முறை

1. தேவையான கோப்புகளை, இவ்விரு வட்டுகளும் அல்லாத மூன்றாம் இடமொன்றில் முதற்கண் சேமிக்க.

2. பழைய வட்டில் நிறைந்துள்ள அளவு, புதிய வட்டின் கொள்ளளவினும் குறைந்ததா எனக் காண்க.

3. வட்டு மறைக்குறியிடப்பட்டிருப்பின் அதன் மீட்புத் திறவெண்ணைத் தாளில் எழுதி வைக்க.

4. படியெடுக்கும் நிரலில் எது மூலம், எது புதியது என்பதை இருமுறை சரிபார்க்க. இடம் மாறின் வெற்று வட்டு நிறைவட்டின்மேற் படியும், உள்ளவை அழியும்.

5. பணி முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய வட்டைக் கழற்றி, புதியதைக் கொண்டே முதன்முறை இயக்குக.

6. பழைய கட்டுரைகள் சிலவற்றைத் திறந்து, எழுத்துகள் செம்மையாக உள்ளனவா என நோக்குக.

நிறைவுரை

இயங்குதளத்தை மீண்டும் பெறலாம். நிரல்களையும் மீண்டும் நிறுவலாம். ஓர் ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் திரட்டிய குறிப்புகளையும், ஒரு மாணவரின் ஆய்வேட்டையும் எக்கடையிலும் வாங்க இயலாது. திண்மநிலை வட்டில் நீக்கப்பட்டவற்றின் இடத்தை இயங்குதளமே பின்னர்த் துடைத்துவிடச் செய்வதால், அவற்றை மீட்பதும் பெரும்பாலும் அரிது. எனவே படி செம்மையானது எனத் தெளியும்வரை, சில வாரங்களேனும், பழைய வட்டை அழியாது வைத்திருத்தல் கடமையாகும். விரைவு வேண்டிச் செய்யும் இப்பணியை விரையாது செய்தலே அறிவுடைமை.