பள்ளிப் பிள்ளைகளின் மத்தியான ஆகாரம்

சங்கத்து அங்கத்தினர்களிற் பலர், பள்ளியில் பிள்ளைக்குச் சோறு கிடைத்ததா என்று மட்டுமே விசாரிக்கின்றனர். சோற்றோடு என்ன கிடைத்தது என்று கேட்போர் மிகச் சிலரே.

பசித்த பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்கும் பொருட்டே, ஸர் பிட்டி தியாகராயச் செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகரசபை 1920-ஆம் வருஷத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கலாயிற்று. 1956-இல், காமராஜர் முதன்மந்திரியாயிருந்தபோது, மதிய உணவு ராஜ்யமெங்கும் பரவலாயிற்று. 1982-இல் எம்.ஜி. இராமச்சந்திரன் அதனை விரிவாக்கிச் சத்துணவுத் திட்டம் என்றார். பெயரில் ஏறிய சத்து தட்டிலும் ஏறியதா என்பதே நாம் பார்க்கவேண்டியது.

வெறும் சோறு ஏன் போதாது? குன்னூரில் ஆராய்ச்சி செய்த ஸர் ராபர்ட் மக்காரிஸன் 1920-களில் நம் தேசத்துப் பல பிரதேசங்களின் ஆகாரத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்டவை செழித்தன. தீட்டிய அரிசியே பெரும்பாலும் உண்டவை மெலிந்தன. அரிசியைத் தீட்டுங்கால் தவிட்டோடு பி-1 என்னும் ஜீவசத்தும் போய்விடுகிறது. நெல்லைப் புழுக்கினால் அச்சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கித் தங்கும். ஆகவே புழுங்கலரிசி சற்று மேலானது.

மத்திய சர்க்கார் விதிப்படி, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். அறுபது பிள்ளைகளுக்குப் பருப்பு மட்டும் 1,200 கிராம் ஆகிறது. சங்கப் பேரேடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இக்கணக்கும் சாம்பாரும் ஒத்திருக்கின்றனவா என்பது ஒரு நாளிலேயே விளங்கிவிடும்.

சென்ற வருஷம் ஒரு கிராமத்தில் நான் அவ்வாறு பார்க்கச் சென்றேன். சாம்பாரில் குறையில்லை. ஆனால் பல தட்டுகளின் ஓரத்தில் முருங்கைக்கீரைப் பொரியல் அப்படியே ஒதுங்கிக் கிடந்தது. சமையல் செய்யும் அம்மாளைக் கேட்டேன். "வீட்டில் கண்டிராததை இங்கே எப்படி ஐயா தொடுவார்கள்?" என்றார்.

அது மெய்தான். அவ்வூரில் முருங்கை இல்லாத கொல்லை இல்லை. கீரை சந்தைக்குப் போகிறது. கறந்த பால் முழுவதும் பால் சங்கத்துக்குப் போகிறது. கூட்டுறவு ஊழியனாகிய நானே இதைச் சொல்லலாமா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் வளரும் பிள்ளையுள்ள வீட்டார் ஒரு டம்ளர் பாலை நிறுத்திக்கொண்டு மிச்சத்தை ஊற்றட்டும். அதனால் கொள்முதல் எவ்வளவு குறைகிறது என்பதை வருகிற மகாசபையில் கணக்கிட்டுப் பார்ப்போம்.